மலேசியாவின் புதிய பொருளாதாரக் கொள்கை

புதிய பொருளாதாரக் கொள்கை (மலாய் மொழியில் டாசார் எக்கொனோமி பாரு) என்பது இனங்களுக்கு இடையிலான பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காக மலேசிய அரசு 1971 முதல் 1990 வரை நடைமுறைப்படுத்திய திட்டம் ஆகும். நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில், இரண்டாவது மலேசியத் திட்டத்தின் (1971-1975) பகுதியாக இது தொடங்கப்பட்டது. 20 ஆண்டுகளுக்கென்று வகுக்கப்பட்ட கொள்கை 1990 உடன் பெயரளவில் முடிவுற்றாலும், அதன் ஒதுக்கீடுகளும் அதற்கென அமைக்கப்பட்ட நிறுவனங்களும் இன்றுவரை தொடர்கின்றன.

உலகின் பல நாடுகளில் இட ஒதுக்கீடு போன்ற நடவடிக்கைகள் சிறுபான்மையினருக்கோ வரலாற்றில் ஒடுக்கப்பட்டவர்களுக்கோ வழங்கப்படுகின்றன. மலேசியாவில் அரசியல் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த பெரும்பான்மை இனமே பொருளாதாரத்தில் பின்தங்கியிருந்தது. ஆகவே சலுகையை வழங்குவோரும் பெறுவோரும் பெரும்பாலும் ஒரே சமூகத்தினராக இருந்தனர். இக்கொள்கையின் சாதனைகள், அதன் மீதான குறைகூறல்கள் ஆகிய இரண்டையும் புரிந்துகொள்ள இந்த அமைப்பைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பின்னணி

பிரித்தானியர் ஆட்சியில் மலாயாவின் பொருளாதாரம் ஈயத்தையும் இரப்பரையும் சார்ந்து வளர்ந்தது. ஈயச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர்கள் வந்தனர். இரப்பர்த் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் தமிழர்கள், முதலில் ஒப்பந்த முறையிலும் பின்னர் கங்காணி முறையிலும் கொண்டுவரப்பட்டனர். மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் நெல் விவசாயிகளாகவும் மீனவர்களாகவும் சிறுதோட்ட உடைமையாளர்களாகவும் கம்பங்களிலேயே வாழ்ந்தனர். அவர்களின் உயர்குடியினர் சிலர் மட்டும் அரசு நிர்வாகத்தில் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு நகரத்து வணிகம் சீனரோடும், தோட்டம் இந்தியரோடும், வயல் மலாய்க்காரரோடும் இணைத்துப் பார்க்கப்படும் நிலை உருவானது. ஆனால் பெரிய தோட்டங்களும் வங்கிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் இந்த மூன்று இனத்தவர் எவருடையதாகவும் இல்லாமல், பெரும்பாலும் இலண்டனில் பதிவுபெற்ற நிறுவனங்களின் கையில் இருந்தன.

1957இல் விடுதலை பெற்றபோது அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு மலாய்க்காரரின் சிறப்பு நிலையைப் பாதுகாத்தது. அரசுப் பணிகள், கல்வி உதவித்தொகைகள், வணிக உரிமங்கள் ஆகியவற்றில் அவர்களுக்கு நியாயமான பங்கை ஒதுக்கும் அதிகாரம் மாமன்னருக்கு வழங்கப்பட்டது. அதற்குக் கைம்மாறாக மற்ற இனத்தவருக்குக் குடியுரிமை பெறும் வழி தளர்த்தப்பட்டது. இது எழுதப்படாத ஓர் உடன்பாடாகவே பிற்காலத்தில் பேசப்பட்டது.

விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் அரசின் தலையீடு மிதமானது. 1956இல் தொடங்கப்பட்ட பெல்டா காட்டு நிலங்களைத் திருத்தி நிலமற்றவர்களைக் குடியேற்றியது. 1965இல் பூமிபுத்ரா வங்கி நிறுவப்பட்டது. 1966இல் மாரா அமைக்கப்பட்டது. ஆயினும் துங்கு அப்துல் ரகுமானின் அரசு வணிகத்தைப் பெரும்பாலும் அதன் போக்கிலேயே விட்டது. பொருளாதாரம் வளர்ந்தாலும் கம்பத்து மலாய்க்காரருக்கும் நகரத்துச் சீனருக்கும் இடையிலான வருமான இடைவெளி குறையவில்லை.

மே 13, 1969

1969 மே 10 அன்று நடந்த பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணி வென்றாலும் பெரும் பின்னடைவைச் சந்தித்தது. எதிர்க்கட்சிகளின் வெற்றி ஊர்வலங்களும் அவற்றுக்கு எதிரான திரட்டல்களும் பதற்றத்தைக் கூட்டின. மே 13 மாலை கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 196 பேர் உயிரிழந்தனர். உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்று கருதுவோர் உள்ளனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சியை ஏற்றது. 1970 செப்டம்பரில் துங்கு பதவி விலகினார்.

மலாய்க்காரரின் பொருளாதார மனக்குறையே கலவரத்தின் வேர் என்பது புதிய தலைமையின் முடிவு. இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. ஆளும் கட்சிக்குள் நடந்த அதிகாரப் போட்டியையும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. எனினும் கொள்கையை உருவாக்கியவர்கள் இந்த விளக்கத்தையே அடிப்படையாகக் கொண்டனர்.

கொள்கை உருவான விதம்

அரசுக்குள்ளேயே இரு தரப்புகள் இருந்தன. பொருளாதாரத் திட்டப் பிரிவு வளர்ச்சிக்கு முதலிடம் தர விரும்பியது. வளர்ச்சி மட்டும் இடைவெளியை மூடாது, அரசு நேரடியாக மறுபங்கீடு செய்ய வேண்டும் என்று கசாலி சாபி தலைமையிலான தேசிய ஒற்றுமைத் துறை வாதிட்டது. நார்வே நாட்டுப் பொருளியலாளர் யுஸ்ட் போலண்ட் இரண்டாவது தரப்புக்கு ஆலோசகராக இருந்தார். இறுதி வடிவம் இரண்டையும் இணைத்தது.

கொள்கைக்கு இரு முனைகள் வகுக்கப்பட்டன. முதலாவது, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. இரண்டாவது, இனத்தைக் கொண்டு தொழிலை அடையாளம் காணும் நிலை மறையும் வகையில் சமுதாயத்தைச் சீரமைப்பது. வேலைவாய்ப்பு ஒவ்வொரு துறையிலும் மக்கள்தொகை விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்பதும், நிறுவனப் பங்குடைமையில் பூமிபுத்ராக்கள் 1990க்குள் 30 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பதும் இரண்டாம் முனையின் இலக்குகள்.

1970இல் பூமிபுத்ரா தனிநபர்களும் அவர்களுக்கான அறங்காவல் நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருந்த பங்குகள் 2.4 விழுக்காடு மட்டுமே. சீனரிடம் 27.2 விழுக்காடும் இந்தியரிடம் 1.1 விழுக்காடும் இருந்தன. வெளிநாட்டவரிடம் 63.3 விழுக்காடு இருந்தது. பூமிபுத்ரா அல்லாத மலேசியருக்கு 40, வெளிநாட்டவருக்கு 30 என்பதே 1990க்கான இலக்கு. ஏற்கனவே 34.3 விழுக்காடு வைத்திருந்த மற்ற மலேசியரின் பங்கும் உயரும் வகையில்தான் கணக்கு போடப்பட்டது என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. எவரிடமிருந்தும் பறித்து எவருக்கும் கொடுப்பதில்லை, வளரும் பொருளாதாரத்தின் புதிய பகுதியே பங்கிடப்படும் என்று அரசு உறுதியளித்தது. சுருங்க வேண்டியது வெளிநாட்டவர் பங்கு.

வருமானத்திலும் இடைவெளி பெரியது. 1970இல் தீபகற்பத்தில் ஒரு மலாய்க் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 ரிங்கிட். இந்தியக் குடும்பத்துக்கு 304, சீனக் குடும்பத்துக்கு 394. குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, அதாவது 49.3 விழுக்காடு, வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தன.

இந்த ஏற்பாட்டைச் சுற்றிச் சட்ட வேலியும் எழுப்பப்பட்டது. 1971இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது, 153ஆம் பிரிவு உள்ளிட்ட சில விதிகளைக் கேள்விக்குள்ளாக்குவது தேச நிந்தனைக் குற்றமாக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இது பொருந்தியது. பல்கலைக்கழக இடங்களிலும் ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது.

நிலமும் கல்வியும்

கிராமப்புற வறுமைக்கு எதிரான முதன்மைக் கருவி பெல்டா. குடியேறும் குடும்பத்துக்கு வீடும் ஏறத்தாழ 10 ஏக்கர் இரப்பர் அல்லது செம்பனை நிலமும் வழங்கப்பட்டன. செலவைக் குடியேறிகள் விளைச்சலிலிருந்து தவணையாகத் திருப்பிச் செலுத்தினர். 1990 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு குடியேற்றப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மலாய்க் குடும்பங்கள்.

கல்வியில் ஏற்பட்ட மாற்றம் இதைவிட ஆழமானது. மாரா தொழில்நுட்பக் கழகமும் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளும் கிராமத்து மலாய் மாணவர்களை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தன. ஆயிரக்கணக்கானோர் அரசு உதவித்தொகையில் பிரித்தானியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன விகிதம் கடைப்பிடிக்கப்பட்டது. பதிவுபெற்ற மருத்துவர், பொறியாளர், கணக்காய்வாளர், கட்டடக் கலைஞர் போன்ற உயர்தொழிலரில் 1970இல் பூமிபுத்ராக்கள் 4.9 விழுக்காடாக இருந்தனர். 1990இல் அது 29 விழுக்காடாயிற்று. ஒரே தலைமுறையில் நெல்வயலிலிருந்து மருத்துவமனைக்குச் சென்ற ஒரு நடுத்தர வர்க்கம் உருவானது. இக்கொள்கையின் கடுமையான விமர்சகர்களும் மறுக்காத சாதனை இதுவே.

மறுபுறம், நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத சீன, இந்திய மாணவர்களின் எண்ணிக்கை பெருகியது. சீன மொழிவழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவும் மெர்டேக்கா பல்கலைக்கழக முயற்சியை அரசு 1978இல் நிராகரித்தது. வழக்கும் 1982இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. வசதி படைத்தவர்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினர். நிலத்தையோ நகையையோ விற்று மகனை இந்தியாவில் மருத்துவம் படிக்கவைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. வெளியே சென்ற பலர் திரும்பவில்லை.

பங்குடைமை

30 விழுக்காட்டை எப்படி எட்டுவது என்பதே மிகச் சிக்கலான கேள்வியாக இருந்தது. சேமிப்பே இல்லாத ஒரு சமூகம் பங்குகளை வாங்க இயலாது. எனவே அரசு நிறுவனங்கள் அவர்கள் சார்பில் வாங்கின. பெர்னாஸ், நகர்ப்புற மேம்பாட்டு ஆணையம், மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகங்கள் ஆகியவை தொழில்களில் இறங்கின. 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. அதன் எண்ணெய் வருவாய் இல்லாமல் இக்கொள்கைக்கு இவ்வளவு பணம் கிடைத்திருக்காது.

1975இன் தொழில்துறை ஒருங்கிணைப்புச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. உரிமத்துடன் பூமிபுத்ரா பங்குக்கும் வேலைவாய்ப்புக்கும் நிபந்தனைகள் வந்தன. தலைமுறைகளாகக் குடும்பத் தொழில் நடத்திவந்த சீனச் சிறு உற்பத்தியாளர்களே இதைக் கடுமையாக எதிர்த்தனர். முதலீடு தயங்கியது. 1980களின் நடுப்பகுதியில் பொருளாதாரம் சரிந்தபோது அரசே வரம்புகளைத் தளர்த்தியது. ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பங்குடைமை விதிகள் பெருமளவு விலக்கப்பட்டன. வளர்ச்சி இல்லாமல் மறுபங்கீடு நடக்காது என்ற பழைய வாதம் இவ்வாறு வேறு வழியில் வென்றது எனலாம்.

1978இல் அமைக்கப்பட்ட தேசிய முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், 1981 செப்டம்பர் 7 அன்று இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கி அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. மலாயாவின் மாபெரும் தோட்ட நிறுவனங்களுள் ஒன்று ஒரே காலையில் கைமாறியதால் இந்நிகழ்வு 'விடியற்காலைத் தாக்குதல்' என்று பெயர் பெற்றது. அதன்பின் இலண்டனில் பங்குகளைக் கைப்பற்றும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. மலேசியாவில் இது ஒரு தேசிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கத்ரியின் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்கோ முதலாளி இருக்கும் நகரம்தான் மாறியது. நாட்கூலியும் லயத்து வீடும் அப்படியே இருந்தன.

வாங்கிய பங்குகள் 1981இல் தொடங்கப்பட்ட அமானா சகாம் நேஷனல் என்னும் யூனிட் டிரஸ்டு வழியாகச் சாதாரண மலாய்க்காரருக்கு விற்கப்பட்டன. ஓர் அலகின் விலை 1 ரிங்கிட் என நிலைநிறுத்தப்பட்டது. கிராமத்து ஆசிரியரும் ஓட்டுநரும் தபால் நிலையச் சேமிப்பைப் போல இதில் பணம் போட்டு ஆண்டுதோறும் ஈவுத்தொகை பெற முடிந்தது.

அலி பாபா முறை

தனிநபர்களுக்கு நேரடியாக ஒதுக்கப்பட்ட பங்குகளின் கதை வேறு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் நிறுவனம் தன் பங்குகளில் 30 விழுக்காட்டைப் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைத்த இப்பங்குகளைப் பெற்றவர்கள் அவற்றை விற்று உடனடி இலாபம் பார்த்தனர். 1984 முதல் 2005 வரை இவ்வாறு ஒதுக்கப்பட்ட 5,400 கோடி ரிங்கிட் மதிப்புள்ள பங்குகளில் 200 கோடி ரிங்கிட் அளவே பூமிபுத்ராக்களிடம் எஞ்சியிருப்பதாக 2009இல் பிரதமர் நஜிப் ரசாக் தெரிவித்தார். இலக்கு ஏன் எட்டப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

உரிமங்களிலும் அரசு ஒப்பந்தங்களிலும் இதேபோன்ற மற்றொரு நடைமுறை வளர்ந்தது. ஒப்பந்தம் மலாய்க்காரர் ஒருவரின் பெயரில் பெறப்படும். வேலையைச் சீன வணிகர் செய்வார். பெயர் கொடுத்தவருக்கு ஒரு தொகை சேரும். மக்கள் இதை அலி பாபா முறை என்றனர். அலி மலாய்ப் பெயர். பாபா என்பது சீனரைக் குறித்தது. இதில் அலி தொழிலைக் கற்கவில்லை. பாபா கூடுதல் செலவை விலையில் சேர்த்தார். வேறுபாட்டைக் கட்டியது அரசுக் கருவூலம்.

1983க்குப் பின் பிரதமர் மகாதீர் முகமது தனியார்மயத்தை முன்னெடுத்தபோது நெடுஞ்சாலை, தொலைத்தொடர்பு, தொலைக்காட்சி போன்ற பெருந்திட்டங்கள் ஆட்சிக்கு நெருக்கமான சில தொழிலதிபர்களிடம் சென்றன. மலாய்ப் பெருமுதலாளிகளை உருவாக்குவதே நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. 1997-98இன் ஆசிய நிதி நெருக்கடியில் அவர்களில் பலர் வீழ்ந்தனர். அவர்களின் நிறுவனங்கள் சிலவற்றை அரசே மீண்டும் ஏற்க நேர்ந்தது. பூமிபுத்ரா என்ற பெயரில் வழங்கப்பட்ட சலுகை, பூமிபுத்ராக்களுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வை விரித்தது என்ற குறைகூறல் அக்காலத்தில் மலாய்க்காரரிடமிருந்தே எழுந்தது.

1990இல் கண்ட நிலை

வறுமை ஒழிப்பில் வெற்றி மறுக்க முடியாதது. தீபகற்பத்தில் வறுமை விகிதத்தை 16.7 விழுக்காடாகக் குறைப்பது இலக்கு. 1990இல் அது ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறைந்தது. சீன, மலாய்க் குடும்ப வருமான விகிதம் 2.29இலிருந்து 1.74 ஆகச் சுருங்கியது. பூமிபுத்ரா பங்குடைமை ஏறத்தாழ 19 விழுக்காட்டை எட்டியது. சீனரின் பங்கு குறையவில்லை, ஏறத்தாழ 45 விழுக்காடாக உயர்ந்தது. குறைந்தது, திட்டமிட்டபடியே, வெளிநாட்டவர் பங்கு.

இந்தப் பங்குடைமைக் கணக்கே பின்னர் பெரும் சர்ச்சைக்குள்ளானது. அரசு பங்குகளை முகமதிப்பில் கணக்கிட்டு, 2004இல் பூமிபுத்ரா பங்கு 18.9 விழுக்காடு என்றது. 2006இல் ஆசிய வியூக, தலைமைத்துவக் கழகத்தின் பொதுக் கொள்கை ஆய்வு மையம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைச் சந்தை மதிப்பில் கணக்கிட்டு, அரசுசார் நிறுவனங்களின் பங்குகளில் பெரும்பகுதியையும் சேர்த்தால் 45 விழுக்காடு வரும் என்றது. அரசு இதைக் கடுமையாக மறுத்தது. கழகம் அறிக்கையைத் திரும்பப் பெற்றது; மையத்தின் இயக்குநர் லிம் தெக் கீ பதவி விலகினார். இலக்கு எட்டப்பட்டுவிட்டது என்றால் சலுகைகள் ஏன் தொடர வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் மறைந்திருந்ததால்தான் இத்தனை சூடு.

இந்தியர் நிலை

மலேசிய இந்தியரின் பங்குடைமை 1970இல் 1.1 விழுக்காடு, 1990இல் 1.0 விழுக்காடு, 2004இல் 1.2 விழுக்காடு. நாட்டின் செல்வம் பன்மடங்கு பெருகிய காலத்தில் இந்த எண் ஏறத்தாழ நகரவே இல்லை.

இந்தியரின் வறுமை கொள்கை வகுப்போர் கண்ணில் படாமல் போனதற்குச் சராசரி என்ற கணக்கே ஒரு காரணம். மேலே கண்ட 304 ரிங்கிட், மலாய்க்காரர் சராசரியைவிட மிகவும் அதிகம். ஆனால் அது மருத்துவர், வழக்கறிஞர், தோட்டக் கிராணி, வட்டிக்கடை உரிமையாளர், பால்வெட்டுத் தொழிலாளி ஆகிய அனைவரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண். தோட்டத் தொழிலாளர்கள் ஏழைப் பிரிவினர் என ஐந்தாண்டுத் திட்டங்களில் குறிக்கப்பட்டனர். ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராமப்புற மேம்பாட்டுத் திட்டத்தின் சாலையும் குடிநீரும் மின்சாரமும் கம்பம்வரை வந்து தோட்டத்தின் வாயிலில் நின்றன. பெல்டாவிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது மிக அரிது.

அதற்கு முன்பே தோட்டங்கள் ஆட்டங்கண்டிருந்தன. 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். அதை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய இம்முயற்சி, அரசின் ஒதுக்கீடு எதுவுமின்றி நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த பல்லாயிரம் தமிழர்கள் தமிழகத்துக்குக் கப்பலேறினர். அவர்களில் பலர் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

1980களிலும் 90களிலும் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. வேலை போனதோடு, வேலையோடு பிணைந்திருந்த வீடும் கோவிலும் தமிழ்ப் பள்ளியும் சேர்ந்து போயின. வெளியேறியவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினர்.

ம.இ.கா. தன் பங்குக்கு 1982இல் மைக்கா ஹோல்டிங்சைத் தொடங்கியது. சீனர்களுக்காக மலேசியச் சீனர் சங்கம் 1975இல் தொடங்கிய நிறுவனத்தை ஒட்டிய முயற்சி இது. ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கும் மேல் பங்குத்தொகை செலுத்தினர். தோட்டத் தொழிலாளர்கள் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினர். நிறுவனம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1990இல் தொலைபேசி நிறுவனம் தனியார்மயமானபோது இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட பங்குகளில் பெரும்பகுதி மைக்காவுக்கு வராமல் வேறு நிறுவனங்களுக்குச் சென்றது நீண்டநாள் சர்ச்சையானது. 2010இல் தனியார் நிறுவனம் ஒன்று பங்கொன்றுக்கு 80 காசு என்ற விலையில் மைக்காவை வாங்க முன்வந்தபோது, 1 ரிங்கிட் போட்டவர்கள் கால் நூற்றாண்டுக்குப் பின் அதைக்கூட முழுமையாகப் பெறவில்லை.

2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராப் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் இந்தியர் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்டதை இந்தப் பின்னணியில்தான் காண வேண்டும். கோவில் உடைப்புகள் உடனடிக் காரணமாக இருந்தாலும், பேரணியில் கேட்ட குரல் கல்வியும் வேலையும் உரிமமும் கிடைக்காதவர்களுடையது.

சபாவும் சரவாக்கும்

பூமிபுத்ரா என்ற சொல் மலாய்க்காரரை மட்டும் குறிப்பதில்லை. சபாவின் கடசான்-டூசுன் மக்களும் சரவாக்கின் இபான், பிடாயு உள்ளிட்ட மக்களும் இதில் அடங்குவர். தீபகற்பத்தின் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்களும் இவ்வாறே கருதப்படுகின்றனர். புள்ளிவிவரங்களில் இவர்கள் அனைவரும் ஒரே நிரலில் வருவதால், பலன் யாருக்குச் சென்றது என்பது தெரிவதில்லை. 2020இல் வறுமைக் கோட்டு வருமானம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டபோது, 2019க்கான தேசிய வறுமை விகிதம் 0.4இலிருந்து 5.6 விழுக்காடாகத் தாவியது. சபாவில் அது 19.5 விழுக்காடாக, மாநிலங்களிலேயே மிக அதிகமாக இருந்தது.

1990க்குப் பின்

தேசிய மேம்பாட்டுக் கொள்கை (1991-2000), தேசியத் தொலைநோக்குக் கொள்கை (2001-2010) எனப் பெயர்கள் மாறினாலும் 30 விழுக்காட்டு இலக்கு தொடர்ந்தது. 2002இல் பல்கலைக்கழக இன ஒதுக்கீடு நீக்கப்பட்டுத் தகுதி முறை அறிவிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலும் பூமிபுத்ராக்கள் பயிலும் மெட்ரிகுலேஷன் ஓராண்டுப் படிப்பும், மற்றவர்கள் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வும் ஒரே தராசில் வைக்கப்பட்டதால் மனக்குறை நீங்கவில்லை. 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டன. 90 விழுக்காட்டுப் பூமிபுத்ரா ஒதுக்கீடு அப்படியே வைக்கப்பட்டது.

2009இல் நஜிப் அரசு 27 சேவைத் துணைத்துறைகளில் 30 விழுக்காட்டு நிபந்தனையை நீக்கியது. 2010 மார்ச்சில் வெளியிடப்பட்ட புதிய பொருளாதார மாதிரி, இனத்தை விடுத்துத் தேவையின் அடிப்படையில் உதவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. மலாய் உரிமை அமைப்பான பெர்காசாவின் எதிர்ப்புக்குப் பின் இந்த யோசனை மென்மையாக்கப்பட்டது. 2011இல் பூமிபுத்ரா நிகழ்ச்சிநிரலை முன்னெடுக்கத் தெராஜு என்ற தனிப் பிரிவே அமைக்கப்பட்டது. 2018இல் ஆட்சி மாறியபின், இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதாக வந்த செய்தியும் இதே கதியை அடைந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு பின்வாங்கியது. அதன்பின்னும் டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் மாபெரும் பேரணி நடந்தது.

இதனிடையே மலேசிய அனுபவத்தை மற்ற நாடுகள் கூர்ந்து கவனித்தன. இனவொதுக்கல் முடிவுற்ற தென்னாப்பிரிக்கா, பெரும்பான்மையினர் கையில் பங்குடைமையைச் சேர்க்கும் தன் கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் கொள்கையை வகுத்தபோது மலேசியாவையும் ஆராய்ந்தது. சிறு எண்ணிக்கையிலான அரசியல் தொடர்புள்ளவர்கள் செல்வந்தர்களானார்கள் என்ற குறைகூறல் அங்கும் எழுந்தது. பயன் பரந்துபட்டவர்களைச் சேர வேண்டும் என்று வலியுறுத்தும் சட்டம் அங்கு 2003இல் இயற்றப்பட்டது.

இந்தியருக்கென ஒன்பதாவது மலேசியத் திட்டம் (2006-2010) 2020க்குள் 3 விழுக்காட்டுப் பங்குடைமை என்ற இலக்கை வைத்தது. 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. அடையாள ஆவணமில்லாதோர், தோட்டங்களிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள், பள்ளியை விட்டு விலகும் இளைஞர் ஆகியோரின் நிலையை அரசு ஆவணம் ஒன்று விரிவாக ஒப்புக்கொண்டது அதில்தான். 2018இல் மித்ரா எனப்படும் இந்தியர் உருமாற்றப் பிரிவு அமைக்கப்பட்டு, ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட்டு வருகிறது. அந்த நிதி யாருக்குச் செல்கிறது, எவ்வளவு செலவிடப்படாமல் திரும்புகிறது என்பது ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்திலும் தமிழ் நாளிதழ்களிலும் எழுப்பப்படும் கேள்வி.